பத்து நிமிட மருமகன்

போன கிழமை எங்கள் வட்ஸ்அப் குழுவில் உங்களில் யாரோ அந்தப் படத்தைப் போட்டிருந்தீர்கள். சிட்னியின் கிரவீனில் ஒன்றாக வளர்ந்த பிள்ளைகள் என்று பெயர் வைத்த குழு. படத்தில் வெள்ளிக் கோப்பை, பொன்னாடை, பிளாஸ்டிக் கதிரையில் ஒரு ஸ்பெயின்காரர். அவருக்குப் பக்கத்தில் சேலை கட்டிய என் மாமி, முன்னால் பல்லுக்குக் கம்பி போட்ட நான். கீழே ஒருவர் ‘பொற்காலம்’ என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு இதயம் இதயமாகப் போட்டுத் தள்ளியிருந்தீர்கள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை.

உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களுக்கும் அப்போது பத்து, பதினொரு வயதுதான். மைதானத்து ஓரத்தில் மட்டன் ரோல்ஸ் தின்றுகொண்டு நின்றீர்கள். இப்போது உங்களில் சிலருக்கு முப்பது வருமுன்னரே முன்தலை ஏறிவிட்டது, சிலருக்கு முழங்கால் நோகிறது, பழையதெல்லாம் இனிக்கத் தொடங்கும் வயது. எனக்கு மட்டும் அந்தக் குளிர்காலம் இனிக்கவே இல்லை. ஏனென்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

ஸ்பெயின் உலகக் கோப்பை வென்ற வருடம் உங்கள் எல்லார் வீட்டிலும் நடந்ததுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. பிறந்ததிலிருந்து பிரேசில், பிரேசில் என்று கத்திய அப்பாக்களும் அங்கிள்மாரும் ஒரே விடியலில் ஸ்பெயின்காரராக மாறினார்கள். வயிற்றை இறுக்கும் சிவப்புச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு கோயிலுக்கே வந்தார்கள். அடுத்த வருடம் சித்திரையில் எங்கள் வீட்டுப் பின்வளவில் இருந்த கிரானி ஃபிளாட் என்ற சின்ன வீட்டை வாடகைக்குக் கேட்டு ஒரு உண்மையான ஸ்பெயின்காரர், அதுவும் தொழில்முறைக் கால்பந்து வீரர், வந்து நின்றபோது அப்பாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

அவருக்கு முப்பத்துமூன்று வயது. ஒரு பருவம் ஆடுவதற்கென்று சிட்னி அணி ஒன்று கூட்டி வந்தது. பருவத்தின் நடுவில் முழங்கால் போயிற்று. ஒப்பந்தம் முடிந்ததும் அணி கொடுத்த வீட்டையும் விடவேண்டி வந்தது. மெல்பேர்ன் அணி ஒன்றின் பயிற்சியாளர் மட்டும், ஆடி மாதம் வா, ஒரு கிழமை எங்களோடு ஆடிக் காட்டு, பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு கிழமைக்காகத்தான் அவர் ஊருக்குப் போகாமல் எங்கள் பின்வளவில் கிடந்தார். அதைவிட்டால் வேறு இடம் இல்லை என்று அவரே சொன்னார். இதை எங்கள் வீட்டில் எல்லாரும் அறிவார்கள். அப்பாவும் அறிவார்.

முதல் ஞாயிறு அப்பா தன் கூட்டாளிகளை விருந்துக்கு அழைத்தார். ஸ்பெயின்காரர் மரியாதைக்கு ஒரு பிளாஸ்டிக் ஃபைலைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். அதற்குள் பத்திரிகைத் துண்டுகள். பதினேழு வயதில் மழை ஓயாத ஒரு ஊரில் மூன்றாம் பிரிவு அணி. பிறகு இரண்டாம் பிரிவில் ஊர் ஊராக ஐந்து அணிகள். முதல் பிரிவில் ஒரேயொரு வருடம். அந்த வருடத்தில் ஒரு பெரிய மைதானத்தில், பெரிய அணிக்கு எதிராக, கடைசிப் பத்தொன்பது நிமிடம் மாற்று வீரராக இறங்கியிருக்கிறார். அந்தத் துண்டை மட்டும் தனி உறையில் வைத்திருந்தார். “பத்தொன்பது நிமிடம், ஒரு பாஸ்கூடத் தவறவில்லை” என்று தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லும்போது அந்த ஃபைலை ஒரு கையால் மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார்.

அப்பா ரோல்ஸைக் கடித்தபடி ஆங்கிலத்தில் கேட்டார், “கோல் எத்தினை?”

“அந்த மட்சிலா?”

“இல்லை, எல்லாத்திலயும் சேத்து.”

ஒன்பது என்றார் ஸ்பெயின்காரர். நடுக்கள வீரன், பந்தை வாங்கிக் கொடுப்பதுதான் என் வேலை என்று விளக்கவும் பார்த்தார். யார் கேட்டார்கள். அப்பா தமிழுக்கு மாறினார். “பதினாறு வருசம் விளையாடி ஒன்பது கோலோ? என்ர மனுசி இதைவிடக் கூட அடிப்பாள்.” மேசை முழுக்கச் சிரிப்பு. எங்கள் எல்லாரையும் ‘எத்தனை மார்க்ஸ்?’ என்று ஒரே கேள்வியால் அளந்த அதே வாய்கள்தான். அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து அவரும் சிரித்தார். டொக்டர் அங்கிள், அப்பாவோடு ஊரில் படித்தவர், எண்ணெய் விரலால் அந்தத் தனி உறையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். அதில் விழுந்த கறை பிறகு போகவே இல்லை.

பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் பின்வளவில் பந்தோடு நிற்பேன். அவர் உடுப்புக் காயப்போடும் கம்பத்தில் ஒரு றப்பர் பட்டியைக் கட்டி, மறு முனையைக் கணுக்காலில் மாட்டி இழுத்துக்கொண்டிருப்பார். ஒரு இழுவைக்கு ஒரு எண், ஸ்பானிய மொழியில். முடிந்ததும் உறைந்த பட்டாணிப் பையை முழங்காலில் வைத்துக்கொண்டு படியில் இருப்பார். சில நாள் அந்த முழங்கால் தேங்காய் அளவு வீங்கியிருக்கும், தோல் பளபளவென்று இழுபட்டிருக்கும். பார்க்கவே கூசும். நான் பந்தை உருட்டிவிட்டால் எழும்பாமல் நல்ல காலால் தள்ளிவிடுவார். ஒருநாள் கையை நேராக நீட்டிக் காட்டி “ஸ்ட்ரெய்ட், ஓகே” என்றார். பிறகு கையைச் சட்டென்று திருப்பி “டர்ன், நோ. ஆடி மாதம் வரைக்கும் நோ” என்றார். நேராக ஓடலாம், திரும்பக் கூடாது. எனக்கு நன்றாக விளங்கியது.

மாமிக்கும் விளங்கியது. மாமி என்றால் அப்பாவின் தங்கை. முப்பத்தொரு வயது, கல்யாணம் சரிவராமல் எங்களோடு இருந்தார். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. நாள் முழுக்க ஏலாத முழங்கால்களைத் தூக்கி இறக்குபவர். உடுப்புக் காயப்போட வந்தபோது அந்த வீக்கத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் போட்டு, காலை அதன் மேல் உயர்த்தி வைக்கச் சொன்னார். அவ்வளவுதான். பட்டப்பகலில், அம்மா குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருக்க, நான் பந்தோடு நிற்க. அதற்குப் பிறகு மாமி உடுப்போடு வரும்போதெல்லாம் அவர் எழும்பிக் கூடையை வாங்கி வைப்பார். இரண்டு பேரும் பேசிய ஆங்கிலத்தை ஒரு தாளின் பாதிப் பக்கத்தில் எழுதிவிடலாம். ஆனால் அந்த மாதங்களில் மாமி வேலையால் வந்ததும் முகம் கழுவிப் பொட்டு வைத்ததை நான் கவனித்தேன்.

இனி அந்தச் சுற்றுப்போட்டி. ஆனி மாத நீண்ட வார இறுதியில் ஊர்ப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர் சங்கங்கள் ஆடும் ஏழு பேர் கால்பந்து. ஊரைவிட்டு வந்து கால் நூற்றாண்டான பிறகும், தொப்பையைத் தூக்கிக்கொண்டு, எந்தப் பள்ளிக்கூடம் பெரியது என்று சிட்னிப் புல்லில் நிரூபிக்கும் திருவிழா. எங்கள் சங்கம் ஒருமுறைகூட வென்றதில்லை. முந்தின வருடம் எங்களைத் தோற்கடித்த சங்கம், மெல்பேர்ன் நோபிள் பார்க்கிலிருந்து மூன்று இளம் மருமகன்களை இறக்கியிருந்தது. அதற்கு யாப்பில், அதாவது போட்டி விதிகளில், இடம் உண்டு. பழைய மாணவர், அவர்களின் ஆண் மக்கள், மருமக்கள் ஆடலாம்.

“எங்களிட்ட ஸ்பெயினே இருக்கு, விளையாட விடேலாமக் கிடக்கு,” என்றார் டொக்டர் அங்கிள். எங்கள் வீட்டு ஹோலில் நிர்வாகக் கூட்டம்.

“ஏன் ஏலாது? மருமகன் ஆக்குவம்,” என்றார் அப்பா.

“ஆருக்கு?”

“என்ர அப்பாவுக்குத்தான். அவரும் அந்தப் பள்ளிக்கூடம் தானே. தங்கச்சியும் இருக்கிறாள். சும்மா பேப்பரிலதான்.”

சும்மா பேப்பரில். மாமி அப்போது குசினியில் அவர்களுக்குத்தான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, சுவர் மெல்லியது. ஆனால் தட்டத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பல வருடம் கழித்து அப்பாவின் அலுமாரியைத் துப்புரவாக்கியபோது அந்தப் படிவத்தைக் கண்டேன். ‘உறவுமுறை: மருமகன் (நிச்சயிக்கப்பட்டது)’. மாமியின் பெயரை அப்பா தன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். மாமி கையொப்பமிட ஒரு இடம்கூட அந்தத் தாளில் இல்லை.

ஸ்பெயின்காரரிடம் அப்பா சொன்னது வேறு. நட்புக்காக, பத்து நிமிடம், சும்மா நின்றால் போதும். அந்த மனிதர் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார். இரண்டு மாதமாக எங்கள் சோற்றைச் சாப்பிட்டவர், என்ன சொல்வார்.

இந்தக் கதையில் எனக்கும் ஒரு கூலி இருந்தது. தொலைக்காட்சியில் பெரிய போட்டிகளில் சின்னப் பிள்ளைகள் வீரர்களின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் வருவார்களே, அதைப்போல அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் வரலாம் என்று அப்பா சொன்னார். அதற்கு முந்தின மாதம்தான் என் பெரியம்மாவின் மகளுக்கு அரங்கேற்றம் நடந்து, ஊரே அவளைத் தூக்கிக் கொண்டாடியிருந்தது. நான் இரண்டு நாள் சரியாக நித்திரை கொள்ளவில்லை.

போட்டிக்கு முந்தின சனிக்கிழமை காலை, குசினியில் மாமி வாயைத் திறந்தார்.

“அண்ணை, அவரால விளையாட ஏலாது. முழங்கால் நல்லா வீங்கிக் கிடக்கு. ஒருக்காத் திரும்பினாலும் போச்சு. பிறகு மெல்பேர்னுக்கும் போகேலாது.”

அப்பா கோப்பையை மேசையில் வைத்தார். “நீ எப்ப அவற்ர முழங்காலைப் பாத்தனி?”

அம்மா கறியைக் கிண்டுவதை நிறுத்தினார். “உடுப்புக் காயப்போடேக்க,” என்றார் மாமி.

“உடுப்புக் காயப்போடப் போனா உடுப்பைப் பார்.”

இதை எழுதும்போதும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஊர் முழுக்கப் போகும் தாளில் இவளை அவருக்கு நிச்சயித்து எழுதியவரும் இவர்தான். அவர் காலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதற்கு இவளைச் சந்தேகப்பட்டவரும் இவர்தான். மாமியின் முகம் சிவந்தது. இனி என்ன சொன்னாலும் அது அவர்மேல் உள்ள ஆசையால் சொன்னதாகத்தான் ஆகும் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். திரும்பி என்னைப் பார்த்தார்.

அப்பாவும் என்னைப் பார்த்தார். “பிள்ளை, நீதானே பின்னேரத்தில அங்க நிக்கிறனி. அவருக்குக் கால் எப்பிடி? உண்மையைச் சொல்லு.”

மாமி எனக்கு மெல்லத் தலையசைத்தார். சொல்லு என்ற மாதிரி.

“ஓடுறார் அப்பா,” என்றேன். “ஒவ்வொரு நாளும் ஓடுறார். கால் சரி.”

“பாத்தியோ?” என்றார் அப்பா. மாமி கையைக் கழுவிவிட்டு அறைக்குள் போனார். 

போட்டி நாள் காலை எங்கள் கராஜில், மா மூட்டைகளுக்கும் பழைய கொம்பியூட்டருக்கும் நடுவில், டொக்டர் அங்கிள் தன் பையைத் திறந்தார். ஒரு கையில் கடித்த ரோல்ஸ். அதை வைத்துவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்தார், பிறகுதான் கையுறை ஞாபகம் வந்தது. முதலில் ஒரு ஊசியால் முழங்காலிலிருந்து மஞ்சள் நீரை இழுத்தார். உருக்கிய நெய் நிறத்தில், ஒரு குழாய் நிறைய. அதை வெறும் யோகட் கோப்பைக்குள் விட்டார். பிறகு மரத்துப்போக ஒரு ஊசி. தைலமும் எண்ணெயும் கலந்த அந்த மணம் இப்போதும் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

ஊசி போடுமுன் ஸ்பெயின்காரர் கேட்டார், இது பாதுகாப்பானதா, எனக்கு ஆடி மாதம் இருக்கிறதே என்று.

“குடும்பம் உன்னை ஒவ்வொரு நாளும் பார்க்கிறது,” என்றார் டொக்டர் அங்கிள் ஆங்கிலத்தில். “கால் நல்லா இருக்கு என்று குடும்பமே சொல்கிறது.”

 அவர் காலை நீட்டினார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் மைதானத்துக்குள் போனேன். உங்களில் பலர் அதைப் பார்த்தீர்கள். பெரியம்மாவின் மகள் பார்க்கிறாளா என்றுதான் நான் பார்த்துக்கொண்டு போனேன். அவர் குனிந்து, காலில் இப்போது நோவே தெரியவில்லை என்று சந்தோசமாகச் சொன்னார்.

பத்து நிமிடம் என்றது அரையிறுதி முழுக்க ஆயிற்று, பிறகு இறுதிப்போட்டி. அவர் ஓடவே இல்லை. நடுவில் நின்று வந்த பந்தைத் தொட்டுத் தொட்டு அனுப்பினார். எப்படி அனுப்பினாலும் அது ஒருவரின் காலடியில் போய் நின்றது. நம்முடைய அங்கிள்மாருக்குத்தான் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. கரையில் நின்றவர்கள் “அடி, அடி” என்று கத்தினார்கள். “இதுக்கோ ஸ்பெயினிலயிருந்து வந்தவர்?” என்று ஒருவர் கேட்க அப்பா வெட்கப்பட்டார். இப்போது நான் ஆட்டம் பார்க்கத் தெரிந்தவள். அன்றைக்கு அவர் ஆடியதைப் போல அந்த மைதானத்தில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் ஆடியிருக்க முடியாது. அதைக் காண ஒரு கண்கூட அங்கே இருக்கவில்லை.

கடைசி நிமிடங்களில் எங்கள் ஆள் ஒருவர் பந்தை அவருக்கு முன்னால் தராமல் முதுகுக்குப் பின்னால் உதைத்தார். அவர் திரும்பினார். திரும்பிய அந்த நொடியிலேயே பந்தையும் தள்ளிவிட்டார், தொப்பை அங்கிள் ஒருவர் அதைக் கோல் ஆக்கினார், எல்லாரும் அந்த அங்கிள்மேல் போய் விழுந்தார்கள். ஸ்பெயின்காரர் ஈரப்புல்லில் காலை நீட்டிக் குந்தியிருந்ததை மாமிதான் முதலில் கண்டார்.

பரிசளிப்பைத் தள்ளி வைத்திருக்கலாம். அம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். பிரதம விருந்தினர் வந்துவிட்டார், மைக் வாடகைக்கு எடுத்தாயிற்று. அவரை இரண்டு பேர் தூக்கி மேடைக் கதிரையில் இருத்தினார்கள். தோடம்பழத் தோல் மிதந்த பெட்டியிலிருந்து ஐஸை அள்ளி ஒரு கடைப்பைக்குள் போட்டு மாமி மேடையேறி அவர் முழங்காலில் வைத்தார். கீழே விசிலடித்தார்கள். “எங்கட மருமகன்” என்று அப்பா மைக்கில் சொன்னார். பொன்னாடை போர்த்தினார்கள். அவர் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. அப்போது எடுத்ததுதான் நீங்கள் இதயம் போட்ட படம்.

ஸ்கானில் முழங்கால் தசைநார் முழுதாக அறுந்திருந்தது. “அது பழைய காயம்,” என்றார் டொக்டர் அங்கிள். “வயசும் போட்டுது, எப்பிடியும் எடுத்திருக்க மாட்டாங்கள்,” என்றார் அப்பா. வெள்ளிக் கோப்பையைக் கழுவித் துடைத்து டீவிக்கு மேல் வைத்தார். ஸ்பெயின்காரர் மெல்பேர்னுக்கு எடுத்த தொலைபேசி அழைப்பு மிகச் சிறியது. பிறகு அவர் எங்கும் ஆடவில்லை. அவர் ஆடிய காலத்தைப் பட்டியலிட்ட ஒரு பக்கம் இணையத்தில் இருக்கிறது. வருடம், அணி, வருடம், அணி என்று போய், சிட்னியோடு நிற்கிறது.

அவர் ஊருக்குப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். ஊன்றுகோலோடு வாசலில் நின்றார், டாக்ஸிக்காரர் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அப்பா இன்னும் வேலையால் வரவில்லை. குசினி யன்னலில் மாமி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்குக் கொடுத்துவிட இடியப்பமும் சம்பலும் கட்டி வைத்திருந்தார்.

அவர் என்னிடம் கேட்டார். கோபமாக அல்ல, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற மாதிரி. “என் கால் நல்லா இருக்கு என்று குடும்பம் சொன்னதாம். யார் சொன்னது?”

என் வயது பதினொன்று. அதை ஒரு நியாயமாக நான் சொல்ல வரவில்லை.

“மாமி,” என்றேன்.

அவர் யன்னலைப் பார்த்தார். மாமி அவரைக் கண்டு, சவர்க்கார நுரையோடு ஒரு கையைத் தூக்கினார். கொஞ்சம் பொறுங்கோ, வாறன் என்ற மாதிரி. அவர் கையைத் தூக்கவில்லை. ஊன்றுகோலை உள்ளே போட்டுவிட்டு, காலை இரண்டு கையாலும் தூக்கி வைத்து, கதவைச் சாத்திக்கொண்டார்.

சாப்பாட்டுப் பொதியோடு மாமி ஓடி வந்தபோது டாக்ஸி தெருமுனையைத் தாண்டியிருந்தது.

“ஏன் பிள்ளை, ஒண்டும் சொல்லாமப் போட்டார்?” என்று கேட்டார்.

“தெரியாது மாமி,” என்றேன்.